காற்று காசு கேட்பதில்லை!

காற்றுக்கு விலை உண்டா? இல்லை. அதற்கு வரி போட்ட அரசாங்கம் உண்டா? அதுவும் இல்லை. விலையும் வரியும் இல்லாத காற்று, பாயைப் பிடித்துத் தள்ளக் காத்திருக்கும்போது, மணிக்கு நூறு லிட்டர் டீசலைக் குடிக்கும் மோட்டார் படகை மனிதன் ஏன் வாங்குகிறான்? வசதி படைத்தவன் வாங்குகிறான், அவன் பாடு அவனோடு என்று விட்டுவிடலாமா? விட்டுவிடுவதற்கில்லை. சீமானின் உல்லாசப் படகுக்கும், விடியுமுன் வலையேற்றிச் செல்லும் மீனவனின் படகுக்கும் எண்ணெய்க் கணக்கு ஒன்றுதான். தண்ணீர் ஆள் பார்த்துச் சட்டத்தை மாற்றுவதில்லை!

முதலில் உல்லாசப் படகின் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கரையோர நகரங்களில் இப்படகுகள் ஏராளம். நாற்பது அடி நீளமுள்ள இரண்டு படகுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, இரண்டு பெரிய டீசல் எஞ்சின்கள் பூட்டிய மோட்டார் படகு. மற்றொன்று பாய்மரப் படகு. துறைக்குள் நுழையவும் காற்று அடங்கிய வேளையில் நகரவும் இதிலும் ஒரு சிறு எஞ்சின் உண்டு.

டீசல் எஞ்சின் ஒரு குதிரைச்சக்தியை ஒரு மணி நேரம் தருவதற்கு ஏறக்குறையக் கால் லிட்டர் எண்ணெய் கேட்கும். மோட்டார் படகு மணிக்கு 20 கடல்மைல் வேகத்தில் பறக்க 400 குதிரைச்சக்தி வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 லிட்டர் ஆயிற்று. நூறு கடல்மைல், அதாவது 185 கிலோமீட்டர் போக ஐந்து மணி நேரம், 500 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று போட்டால் 45,000 ரூபாய்!

பாய்மரப் படகு அதே தூரம் போகட்டும். வழி நெடுகக் காற்றே இல்லை, சிறு எஞ்சின்தான் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் என்ன செலவு? மணிக்கு 6 கடல்மைல் வேகத்துக்கு 16 குதிரைச்சக்தி; மணிக்கு நாலு லிட்டர். பதினேழு மணி நேரத்தில் 68 லிட்டர். ஆறாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். காற்று துணை நின்று பாய் விரிந்துவிட்டாலோ, அந்த ஆறாயிரமும் மிச்சம்.

எண்ணெய்ச் செலவில் ஏன் இந்த ஏழு மடங்கு வித்தியாசம்? படகு போகும்போது முன்னே ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக் கூட அந்த அலை நீளும். அலையின் நீளம் படகின் நீளத்தை எட்டியதும், தான் எழுப்பிய அலையின் மீதே படகு ஏற வேண்டியதாகிறது. மேடு ஏறும் வண்டிமாடு போலத் திணறுகிறது. அந்த எல்லை எது என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்க வேண்டும். நீர்மட்டத்தில் 36 அடி என்றால் மணிக்கு 8 கடல்மைல். 25 அடி என்றால் 6.7 கடல்மைல். அதற்குள் அடங்கி ஓடினால் சிறு சக்தி போதும். அதைத் தாண்டித் தண்ணீரின் மேலே எழும்பிப் பாய வேண்டுமானால் எஞ்சின் எண்ணெயைக் கொட்டியாக வேண்டும்.

ஆகவே அந்த 45,000 ரூபாயும் மோட்டார் வைத்திருந்ததற்காகக் கட்டிய அபராதம் என்று எண்ணவேண்டாம். அதில் பெரும்பகுதி அவசரத்தின் விலை. அதே மோட்டார் படகை மணிக்கு 7 கடல்மைல் வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். 36 குதிரைச்சக்தி போதுமென்றால், நூறு கடல்மைலுக்கு 130 லிட்டருக்குள் முடிந்துவிடும். நாலில் மூன்று பங்கு எண்ணெய் தொட்டியிலேயே இருக்கும்!

பாய்மரக்காரருக்குச் செலவே கிடையாதா? உண்டு. வெயில் பாயைத் தின்கிறது. மரத்தைத் தாங்கும் எஃகு வடங்களைப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். காற்று எதிர்த்து அடித்தால் நேர்வழி கிடையாது. வளைந்து வளைந்து போகவேண்டும். நின்றுவிட்டாலோ எஞ்சினைத்தான் நாடவேண்டும். காற்று காசு கேட்பதில்லை, காலத்தைக் கேட்கிறது. காலத்தைக் கொடுக்க முடிந்தவனுக்குப் பாய் இலாபம். முடியாதவன் எண்ணெய்க் கடைக்கு அழவேண்டும். இரண்டில் எது வேண்டுமென்று தேர்ந்துகொள்ளும் வசதி உல்லாசப் படகின் சொந்தக்காரருக்கு இருக்கிறது.

கணக்கு தெரிந்த முதலாளிகள் இந்த உண்மையை மறக்கவில்லை. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பீப்பாய் 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய், 1974 தொடக்கத்தில் 12 டாலரை நெருங்கியது. உடனே பாய் நினைவுக்கு வந்தது. 1980-ல் ஜப்பான், ஷின் ஐட்டோக்கு மாரு என்ற எண்ணெய்க் கப்பலிலேயே பாய் பொருத்தி ஓட்டியது. எண்ணெய் சுமக்கும் கப்பலுக்கே எண்ணெய் கட்டுபடியாகவில்லை! 2023-ல் பிக்சிஸ் ஓஷன் என்ற சரக்குக் கப்பலில் 37.5 மீட்டர் உயரமுள்ள இரண்டு இறக்கைகளை நிறுத்தினர். சராசரியாக நாளொன்றுக்கு மூன்று டன் எண்ணெய் மிச்சம் என்று அதனைக் குத்தகைக்கு எடுத்த கார்கில் கம்பெனி 2024-ல் அறிவித்தது. கோடிகளில் புரளும் கம்பெனி காற்றைக் கும்பிட்டு அழைக்கிறது.

நம் கரையில் நடந்தது என்ன? சோழகக் காற்றையும் வாடைக் காற்றையும் நம்பிப் பாய் விரித்த கட்டுமரமும் வள்ளமும், 1980-களிலிருந்து வெளியே பொருத்தும் மோட்டாருக்கு மாறின. மாறியதிலே தவறில்லை. காற்று விட்ட வழியில் போய், காற்று விட்டபோது திரும்பிய காலம் எத்தனை உயிர்களைக் குடித்தது என்பதைக் கடற்கரைத் தாய்மார்கள் அறிவார்கள். மோட்டார் தூரத்து மீனைக் காட்டியது; புயலுக்கு முன் கரை சேர்த்தது. ஆனால் அதோடு எண்ணெய்க் கடனும் வந்தது. மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ ஓடும் பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார், அதே சக்திக்கு டீசல் எஞ்சினைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு குடிக்கும்.

அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது? பல ஊர்களில் வழக்கம் இதுதான்: மீன் விற்ற பணத்திலிருந்து முதலில் எண்ணெய்க் காசைக் கழிப்பார்கள், மீதியைத்தான் படகுக்காரருக்கும் தொழிலாளிக்கும் பங்கு பிரிப்பார்கள். ஒரு கணக்குப் போடுவோம். மீன்பாடு 10,000 ரூபாய். எண்ணெய் 4,000. மீதி ஆறாயிரத்தில் பாதி படகுக்கு. பாதி ஐந்து தொழிலாளிகளுக்கு. ஆளுக்கு 600. மணிக்கு 7 கடல்மைல் ஓடும் அந்தப் படகு 6 கடல்மைலாகக் குறைத்து ஓடினால், அதே தூரத்துக்கு எண்ணெய் நாலில் ஒரு பங்குக்கு மேல் குறையும். எண்ணெய் 3,000 ஆனால் ஆளுக்கு 700. மூன்று மணி ஓட்டம் மூன்றரை மணி ஆகிறது. அந்த அரைமணிக்கு ஒவ்வொரு தொழிலாளி வீட்டிலும் நூறு ரூபாய்! இழுவலை இழுக்கும் விசைப்படகின் கதை வேறு. அதன் எண்ணெயில் பெரும்பகுதி வலையை இழுப்பதற்கே போகும். வலை விரித்துக் காத்திருக்கும் நாட்டுப்படகுக்கோ ஓட்டம்தான் செலவு.

இது புதிதாகக் கண்ட உண்மையுமல்ல. ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனம் 1979-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வங்காள விரிகுடாத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் பணியாற்றிய படகு வல்லுநர் குல்பிரான்ட்சென், சிறு படகுகளின் எரிபொருட் செலவைக் குறைப்பது பற்றி 1986-லும் 2012-லும் கையேடுகள் எழுதினார். மெதுவாக ஓட்டு, அடிப்பாகத்துப் பாசியைச் சுரண்டு, மெல்லச் சுழலும் பெரிய விசிறியைப் பொருத்து, இயன்றபோது டீசலுக்கு மாறு, காற்று வாய்த்தால் பாயையும் விரி. கையாளத்தக்க வழிகள் இவை. அறிவு இருக்கிறது, அது கரைக்கு வந்து சேரவில்லை.

“மெதுவாகப் போ” என்று மீனவனுக்கு உபதேசம் செய்வது எளிது. அவன் ஏன் விரைகிறான்? முதலில் கரை சேர்ந்த படகுக்கு ஏலத்தில் ஒரு விலை, பின்னால் வந்த படகுக்கு வேறு விலை. மீனைக் காக்கப் போதிய பனிக்கட்டி கிடையாது. முன்பணம் கொடுத்த வியாபாரி கரையில் காத்திருக்கிறான். சீமான் அவசரப்படுவது ஆசையால். மீனவன் அவசரப்படுவது அச்சத்தால்!

எண்ணெய்க்கு வரிச்சலுகை தருகிறோம் என்று சொல்லிக்கொள்வதோடு கடமை முடிந்துவிடாது. சலுகை எண்ணெயும் அவசரத்திலே எரிந்து தீர்கிறது. ஒவ்வொரு மீன் இறங்கு தளத்திலும் பனிக்கட்டியும் குளிர்பதன அறையும் வேண்டும். வியாபாரியின் முன்பணத்துக்குப் பதில் கூட்டுறவுக் கடன் வேண்டும். சிக்கன எஞ்சினுக்கும் சரியான விசிறிக்கும் உதவித்தொகை வேண்டும். பிந்தி வந்த படகின் மீனும் விலை குறையாமல் விற்கும் என்ற நிலை வரட்டும். வேகத்தைக் குறைக்கும்படி யாரும் மீனவனுக்குச் சொல்லித்தர வேண்டியிராது. மிஞ்சும் ஒவ்வொரு லிட்டரும் அவன் வீட்டு உலையில் அரிசியாக விழும்.