உருக்குக் குழாயும் ஒரு சிறு கீறலும்

எண்ணெய்க் கிணறு துளைப்போர் நிலத்தினுள் இறக்குங் குழாய்கள், ஏறத்தாழ 30 அடி நீளமுள்ள உருக்குக் குழாய்களை ஒன்றோடொன்று திருகிப் பூட்டியவையாகும். கீழே தொங்கும் பெரும் பாரத்தைத் தாங்கும் இக்குழாய், சிறு கீறலொன்றினால் முறிந்துவிடுவதுண்டு. அஃது எவ்வாறெனக் காண்போம்.

கிணறு வளையுமிடத்திற் குழாயும் வளைகின்றது. வளைந்தபடி சுழலுகையில், அதன் மேற்பரப்பிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் சுற்றுக்கொருமுறை மிக இழுபட்டுப் பின் தளர்கின்றது. நிமிடத்துக்கு 100 சுற்றாயின், ஒரு நாளில் இது 144,000 முறை நிகழும்.

ஒரேமுறை இழுத்துச் சோதித்தால், சிறு கீறல் குழாயின் வலுவைப் பெரிதுங் குறைப்பதில்லை. உருக்கு சற்றே நெகிழ்ந்து கொடுக்கும். மீண்டும் மீண்டும் தாக்கும் விசைக்கோ கீறலின் கூரிய அடியே வாயிலாகின்றது. அங்கே தகைப்புக் குவிந்து, வெடிப்புத் தோன்றி, சுற்றுக்குச் சுற்று வளரும். இதுவே உலோகக் களைப்பு. 19ஆம் நூற்றாண்டிற் புகையிரத அச்சுக்களை ஆராய்ந்த செருமானியப் பொறியியலாளர் ஓகஸ்ட் வோலர் இவ்வியல்பை முறையாக விளக்கினார்.

நெடுக்கே அமைந்த கீறலினுங் குறுக்கே அமைந்தது கொடிது. குழாயைப் பிடிக்கும் ஆப்புக்களின் பற்கள் இடுந் தடமும், ஒட்சிசன் கலந்த உப்புநீர் அரித்த குழியும் அவ்வாறே கேடு தரும். குழாய் முறிந்தால் கிணற்றையே கைவிட நேரலாம். ஆதலின், குழாயைக் காந்தமூட்டி இரும்புத்தூள் தூவுவர். வெடிப்புள்ளவிடத்தில் தூள் திரண்டு அதனைக் காட்டிக்கொடுக்கும். ஆழமற்ற கீறலை அராவி மழமழப்பாக்குவர்.

பொறியியல் பயிலப் புகும் மாணவர் இதனை மனங்கொள்வாராக: பாரத்தைக் கணித்துக் குழாயைத் தேர்ந்தால் மட்டும் போதாது, அதன் மேற்பரப்பையும் பேணுதல் வேண்டும்.