எட்டிக்குப் பக்கத்தில் சூரை

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் ரயில் பாதையில், திருவாலங்காட்டுக்கு முந்திய நிலையம் மணவூர். வண்டி ஒரு நிமிஷம் நிற்கும். வயல், ஏரிக்கரை, முட்புதர், இவ்வளவுதான் கண்ணில் படும். 'பார்க்க ஒன்றுமில்லை' என்று ஜன்னலோரத்துப் பிரயாணி பத்திரிகையைப் பிரித்துக்கொள்வார். நாமும் பல வருஷங்கள் அப்படித்தான் பிரித்துக்கொண்டோம்.

மழை விட்ட ஒரு மார்கழிச் சனிக்கிழமை, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று, "தின்னக்கூடிய இலையோ காயோ தெரிந்தால் பறித்து வாருங்கள்" என்றோம். பெரும்பாலோர் கையை வீசிக்கொண்டு திரும்பினார்கள். ஒருவன் மட்டும் முருங்கையைக் கொண்டுவந்தான். அதுவும் யார் வீட்டுக் கொல்லையிலிருந்தோ! இருளர் குடியிருப்பிலிருந்து வரும் சிறுமி ஒருத்தி மடி நிறையக் கொணர்ந்தாள்: முடக்கத்தான், தூதுவளை, பிரண்டைக் கொழுந்து, மூக்கிரட்டை, வயல் ஈரத்தில் நாலிலையாய் விரியும் ஆரை. வீட்டில் எப்படிச் சமைப்பீர்கள் என்று கேட்டதும் தலை குனிந்துகொண்டாள். "எப்பவாவதுதான் ஐயா" என்றாள்.

இந்த வெட்கம் நேற்று முளைத்ததன்று. சிறுபாணாற்றுப்படையில் பசியால் வாடிய பெண் குப்பைமேட்டு வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்புமின்றி வேகவைத்து, பிறர் காணாதபடி கதவை அடைத்துவிட்டுத்தான் சுற்றத்தோடு உண்கிறாள். அதே சங்க காலத்தில் கபிலரோ பெருமிதத்தோடு பேசுகிறார். பறம்பு மலையை முற்றுகையிட்ட மூவேந்தரிடம், மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் ஆகிய நான்கும் ஏர் தொடாமலே அங்கு விளைகின்றன, நீங்கள் முற்றுகையிட்டு என்ன பயன் என்கிறார். ஒரே உணவு, ஒருவருக்கு மானக்கேடு, மற்றொருவருக்குக் கோட்டை.

நம் பக்கத்துக்கு இதில் தனி உரிமையும் உண்டு. திருத்தணிகை மலையில் முருகனோடு வீற்றிருக்கும் வள்ளியம்மை, வேடர் வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்த குழந்தை என்பது புராணம். படி ஏறிச் சென்று அவளைக் கும்பிடுகிற நாம், அந்தக் கிழங்கின் கொடியை வேலியில் கண்டால் அடையாளம் சொல்வோமா? காட்டுவள்ளியில் சில வகை கசப்பும் நஞ்சும் கொண்டவை. துண்டு போட்டு, அவித்து, பலமுறை நீர் மாற்றி ஊறவைத்த பிறகே உண்ணத்தக்கவை. எதை எத்தனை முறை அலசுவது என்பதைப் பாட்டியிடம் கேட்டுத்தான் பேத்தி அறிய வேண்டும். கிழங்கு எடுப்பவர்கள் கொடியின் தலைப்பகுதியை மண்ணிலேயே விட்டு மூடிவிடுவதும் அப்படி வந்த பாடந்தான்.

காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டைப் பாடும்போது அங்குள்ள மரஞ்செடிகளை வரிசையாகப் பெயர் சொல்கிறார். அவற்றில் எட்டியும் உண்டு, சூரையும் காரையும் உண்டு. சூரையும் காரையும் பழம் தருபவை. எட்டியின் விதையோ உயிரைக் குடிப்பது. அன்று எங்கள் கூட்டத்திலும் ஒரு பையன், ஆரஞ்சு நிறத்தில் பளபளத்த எட்டிப்பழத்தை நோக்கிக் கை நீட்டினான். அச்சிறுமி அவன் கையைப் பட்டென்று தட்டிவிட்டு, நாலடி தள்ளியிருந்த சூரைப் புதரிலிருந்து கறுத்த பழங்களைப் பறித்துக் கொடுத்தாள். பட்டம் பெற்ற நாம் அருகில்தான் நின்றிருந்தோம். நமக்குத் தெரிந்திருக்கவில்லை.

இந்த அறிவு நிற்க நிலம் வேண்டுமே! புறம்போக்கைச் சீமைக்கருவேலம் வளைத்துக்கொண்டு வருகிறது. களைக்கொல்லி தெளித்த வயலில் ஆரையும் களையாய் மடிகிறது. தப்பிப் பிழைத்ததைப் பறிப்பதும் ஆபத்து. 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் வனவாசிகளுக்குக் காட்டிலுள்ள தேன், கிழங்கு, மூலிகை முதலியவற்றைச் சேகரிக்கும் உரிமையை அளித்தது. மெத்தச் சரி. ஆனால் அது காட்டோடு நின்றுவிடுகிறது. தனியார் வயல்வரப்பில் கீரை கிள்ள வரும் இருளப் பெண்ணுக்கு வரப்புக்காரர் முகம் சுளிக்காதிருப்பதே சட்டம்.

மறு திங்களன்று நம் மேஜைமீது வாழைநாரால் கட்டிய முடக்கத்தான் கட்டு ஒன்று இருந்தது. வைத்தது யாரென்று ஒருவரும் சொல்லவில்லை. அன்றிரவு வீட்டில் முடக்கத்தான் தோசை. மறுநாள் வகுப்பில், அது மிகவும் நன்றாயிருந்தது என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னோம். கடைசி வரிசையில் ஒரு தலை நிமிர்ந்தது.