‘பட்டான்’ என்று முடியும் கற்கள்

ஜவ்வாது மலையின் தெற்கடிவாரத்தில் இருக்கிறது செங்கம். அந்த வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை படியெடுத்து, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலாக வெளியிட்டது. பெரும்பாலானவை வட்டெழுத்தில் பொறித்தவை. வாசகம் ஏறக்குறைய ஒரே வாய்பாட்டில் ஓடும்: இன்ன பல்லவ அரசனின் இத்தனையாம் ஆண்டு, இன்னாருடைய ஆள் இன்னான், மாடு பிடித்த சண்டையில் ‘பட்டான்’, அவனுடைய கல் இது. எடுத்தனூர்க் கல்லில் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு குறிக்கப்பட்டிருக்கிறது; ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம் எனலாம். எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்த வீரன் ஆயுதத்தோடு நிற்க, பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதைக் கல் தனியாகச் சொல்கிறது. வீரனைப் பற்றிய வாசகமோ வழக்கம்போல் ‘பட்டான் கல்’ என்றே முடிகிறது. இங்கே ‘பட்டான்’ என்றால் இறந்தான் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. திருவண்ணாமலை, ஆரணிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் துரியோதனன் விழும் நாளைப் ‘படுகளம்’ என்று இன்றும் சொல்கிறார்கள். அதிலும் உள்ளது இதே பொருள்தான்.

இதே மண்ணில் பிறந்த இன்னொரு சான்று இதற்கு நேர் எதிரானது. செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடிய பத்துப்பாட்டு நூலின் பெயர் மலைபடுகடாம். அந்நூலில் வரும் சேயாறு, ஜவ்வாது மலையில் தோன்றிச் செங்கம் வழியே ஓடும் இன்றைய செய்யாறு. மலையை யானையாகவும் அதில் எழும் ஓசைகளை மதநீராகவும் காண்கிற அந்தப் பெயரில் ‘படு’ என்பதற்குத் தோன்று, உண்டாகு என்று பொருள். ஒரே பள்ளத்தாக்கு, ஒரே வினை. ஓரிடத்தில் உண்டாவது, இன்னோரிடத்தில் மாய்வது. ஆங்கிலத்தின் ‘கெட்’, ‘ரன்’, ‘டேக்’ போன்ற வினைகளுக்குப் பக்கம் பக்கமாகப் பொருள் இருப்பதைப் பார்த்து நம் மாணவர்கள் மலைக்கிறார்கள். மலைப்பு நியாயமானதே. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் புதிய பதிப்புக்காக ‘ரன்’ என்ற வினையைத் திருத்தி எழுதிய பீட்டர் கில்லிவர், அதற்கு மட்டும் 645 பொருள்களைப் பிரித்துக் காட்டினார். மாதக்கணக்கில் ஆன வேலை அது. ஆனால் இதை ஆங்கிலத்தின் கோணல் என்று நினைப்பது தவறு. அன்றாடம் புழங்கும் வினை எந்த மொழியிலும் இப்படித்தான் கிளைக்கும். கிளைப்பதற்கு ஒழுங்கும் உண்டு. அந்த ஒழுங்கை ஆங்கிலத்தைவிடத் தெளிவாக நம்முடைய ‘படு’விலேயே காணலாம்.

கை படுகிறது, வெயில் படுகிறது, சுவரில் பந்து படுகிறது. ஒன்றின்மேல் இன்னொன்று வந்து சேர்வதே இவற்றில் உள்ள பொருள். அது கண்ணின்மேல் வந்து சேர்ந்தால் கண்ணில் படுகிறது, தென்படுகிறது, புலப்படுகிறது. அங்கிருந்து தோன்றுதல், ஏற்படுதல், வெளிப்படுதல் என்று ஒரு கிளை. வலையில் வந்து சேர்ந்தால் அகப்படுகிறது. கடற்கரையில் அன்றைக்குக் கிடைத்த மீனை ‘மீன்பாடு’ என்கிறார்கள். உடம்பின்மேல் அடி வந்து சேர்ந்தால் அடிபடுகிறோம். மனத்தின்மேல் வந்து சேர்வன இன்னும் அதிகம்: ஆசைப்படுகிறோம், வெட்கப்படுகிறோம், பயப்படுகிறோம், கவலைப்படுகிறோம். நாமாகத் தேடிச் செய்யாமல் நம்மீது வந்து கவிகிற நிலைகளை இந்த வினையோடு சேர்த்துச் சொல்லத் தமிழன் என்றைக்கோ பழகிவிட்டான். ‘ஆசை செய்கிறேன்’ என்று யாரும் சொல்வதில்லை. சண்டையில் ஒருவன்மீது வந்து சேர்வதன் கடைசி எல்லை சாவு, அதனால் ‘பட்டான்’. யாழ்ப்பாணத்தில் சூரியன் மறைந்தால் பொழுது பட்டுவிட்டது. ‘கண்படுதல்’ பழந்தமிழில் உறங்குதல். இன்றைக்குக் குழந்தைக்குக் கண் பட்டுவிட்டது என்றால் திருஷ்டி. ஒரு கிளை வழக்கொழிய, அதே சேர்க்கையில் வேறொரு கிளை துளிர்த்திருக்கிறது.

இந்த வினை சென்று சேர்ந்த இடங்களில் என்னை அதிகம் வியக்கவைப்பது இலக்கணம். ‘கட்டப்பட்டது’, ‘சொல்லப்பட்டது’ என்று செயப்பாட்டுவினையை அமைப்பதும் இந்தப் ‘படு’வே. மேலே வந்து விழுவதற்கு ஆளாகும் பொருள், செயலுக்கு ஆளாகும் பொருளாக மாறிவிடுகிறது. இது தமிழுக்கு மட்டும் வாய்த்த தற்செயல் இல்லை. தாய்லாந்து மொழியில் ‘தூக்’ என்ற சொல்லுக்குத் தொடுதல், படுதல் என்று பொருள்; அங்கும் அது செயப்பாட்டைக் குறிக்கிறது. சீனத்தின் ‘பெய்’, மேலே மூடுதல் என்ற பொருளில் தொடங்கி, துன்பத்துக்கு ஆளாதல் வழியாக அதே இடத்துக்கு வந்தது. வியட்நாமியத்தின் ‘பி’, துன்பப்படுதல் என்ற பொருளிலிருந்து வந்தது. ஆங்கிலத்தின் ‘கெட்’ வேறு வாசல் வழியாக நுழைந்தது: அடைதல், பெறுதல் என்பதிலிருந்து ஆகுதல், அதிலிருந்து ‘அடி வாங்கினான்’ என்பது போன்ற செயப்பாட்டு. தமிழிலும் ‘வாங்கு’ அடியோடு சேரும்போது ‘படு’வின் வேலையைத்தானே செய்கிறது! ஒன்றோடொன்று உறவில்லாத மொழிகள் இந்த அளவுக்கு ஒத்துப்போவதால், பொருள் கிளைப்பதை அகராதியில் சேர்ந்த குப்பை என்று ஒதுக்க முடியாது. மனித மனம் நிகழ்ச்சிகளை எப்படி ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்கிறது என்பதற்கு அது தடயம்.

இவை ஒரே சொல்தானா, ஒலி ஒத்துப்போன பல சொற்களா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியும் ‘படுதல்’, ‘படுத்தல்’ இரண்டையும் தனித்தனித் தலைச்சொல்லாகவே தருகிறது. பட்டான் வேறு, படுத்தான் வேறு. நம் வினை உருபுகளே அந்த எல்லையைக் காட்டிக்கொடுக்கின்றன. ஆனால் ‘பட்டான்’ என்ற ஒரே வடிவத்துக்குள் அடங்கும் பொருள்களை அப்படி உடைக்க முடியாது. உறவுள்ள பொருள்கள் வேறு, உறவற்ற பொருள்கள் வேறு என்பதை மனமே பிரித்தறிகிறது என்று காட்டும் ஆய்வும் உண்டு. ஜெனிஃபர் ராட், கேரத் காஸ்கெல், வில்லியம் மார்ஸ்லன்-வில்சன் மூவரும் 2002-இல் வெளியிட்ட சோதனைகளில், திரையில் தோன்றும் எழுத்துக்கோவை உண்மையான ஆங்கிலச் சொல்தானா என்று பங்கேற்றவர்கள் சட்டென்று சொல்லவேண்டும். மரப்பட்டை, நாய்க் குரைப்பு என்று தொடர்பில்லாத இரு பொருள் கொண்ட ‘பார்க்’ போன்ற சொற்களில் மனம் தாமதித்தது. முறுக்குதல், திருகுதல், திரித்தல் என்று உறவுள்ள பல பொருள் கொண்ட ‘ட்விஸ்ட்’ போன்ற சொற்களையோ மற்றச் சொற்களைவிட விரைவாக அறிந்துகொண்டது. அதாவது, உறவுள்ள பொருள்கள் பெருகுவதால் சொல்லை இனங்காண்பது எளிதாகிறது.

அப்படியானாலும் குழப்பம் வராதா என்பது அடுத்த தடை. வரும் என்று அஞ்சியவர்களில் யெஹோஷுவா பார்-ஹில்லெல் முக்கியமானவர். எழுதுகோலுக்கும் குழந்தையை விளையாட விடும் அடைப்புக்கும் ஆங்கிலத்தில் ‘பென்’ என்ற ஒரே சொல். பெட்டி பென்னுக்குள் இருக்கிறது என்றால் எந்தப் பென் என்று மொழிபெயர்க்கும் இயந்திரத்துக்கு ஒருபோதும் தெரியாது என்று 1960-இல் எழுதினார். ஆனால் சொல்லைத் தனியாக நிறுத்திப் பார்ப்பதால் எழும் அச்சம் இது. தொல்காப்பியம் பலபொருள் ஒருசொல்லைப் பற்றிப் பேசும்போது, வினை, இனம், சார்பு ஆகியவற்றால் பொருள் தெளிவாகும் என்கிறது. ‘மா பூத்தது’ என்றால் மரம், ‘மா ஓடிற்று’ என்றால் விலங்கு. அந்த நூற்பா பெயர்ச்சொல்லுக்கு வினை துணை நிற்பதைச் சொல்கிறது. ‘படு’வில் அதே உதவி எதிர்த்திசையில் வருகிறது, பக்கத்துப் பெயர் வினையைத் தெளிவாக்குகிறது. இன்றைய மொழிபெயர்ப்பு மென்பொருள்களும் சுற்றியுள்ள சொற்களை எடைபோட்டே பொருளைத் தேர்கின்றன. சூழல் இவ்வளவு வேலை செய்யும்போது ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு புதுச் சொல் வைத்திருப்பது வீண் சுமை. ஜார்ஜ் ஜிப்ஃப் 1945-இலேயே, அதிகம் புழங்கும் சொல்லுக்கு அதிகப் பொருள் இருக்கும் என்று கணக்கிட்டுக் காட்டினார். 2012-இல் ஸ்டீவன் பியான்டடோசியும் உடன் ஆய்ந்தவர்களும் ஆங்கிலம், ஜெர்மன், டச்சு மூன்றிலும், சொல்ல எளிதான குறுஞ்சொற்களே அதிகப் பொருளைச் சுமக்கின்றன என்று கண்டார்கள்.

அறிவியலின் துல்லியத்துக்கு இது ஆகாது என்பார் உண்டு. அதற்குப் பதில் இதே மலையில் இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகத்திலும் ஒரு மீட்டர் தொலைநோக்கியால் அதைக் கவனித்தார்கள். கோள் குறுக்கே வருவதற்கு முன்பே விண்மீனின் ஒளி சற்றே தடைபட்டதைக் கருவி பதிந்தது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பது அன்று உலகின் பல இடங்களில் செய்த இத்தகைய அளவீடுகளால் தெரியவந்தது. இதைத் தமிழில் சொல்வதானால், ஒளி தடைபட்டதால் வளையம் கண்ணில் படாமலேயே புலப்பட்டது. மூன்று ‘படு’, மூன்றும் வெவ்வேறு, படிக்கிற யாரும் தடுமாறமாட்டார்கள். கலைச்சொல்லுக்கு வரையறை வேண்டும் என்பது சரி. அந்த வரையறையை எழுதவும் இந்த வினைகள்தாம் வேண்டும்.

‘படு’ சேர்ந்த செயப்பாட்டுவினை ஆங்கிலத்தால் வந்த நோய் என்ற குற்றச்சாட்டைச் சுருக்கமாகவே மறுக்கலாம். தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவிலேயே ‘எனப்படுப’ இருக்கிறது. செய்தவர் பெயரை மறைக்க ‘முடிவெடுக்கப்பட்டுள்ளது’ என்று எழுதும் அலுவலகத் தமிழ் எனக்கும் உவப்பானதில்லை. ஆனால் பழி அப்படி எழுதுகிறவர் மீது, வினையின் மீது இல்லை.

ஒரு வினையின் பொருள் எப்போது எங்கே கிளைத்தது என்று சொல்ல நாள் குறித்த சான்று வேண்டும். சங்கப் பாடல்களுக்கு ஆண்டு குறிப்பது அறிஞர்களிடையே இன்றும் தீராத வழக்கு. நடுகற்களிலோ அரசன் பெயரும் ஆட்சியாண்டும் ஊரும் கூடவே நிற்கின்றன. அதனால் சொல் வரலாற்றுக்கு அவற்றைப்போல் நம்பகமான சாட்சிகள் குறைவு. செங்கம் பக்கத்தில் இவற்றில் பலவற்றை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். அந்த வழிபாட்டால்தான் கற்கள் இத்தனை காலம் தப்பின. கும்பிடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: எழுத்துள்ள பக்கத்தில் சுண்ணாம்போ பெயிண்டோ பூசாதீர்கள், சிமெண்டு வைத்து அடைக்காதீர்கள். வயலிலோ ஏரிக்கரையிலோ எழுத்துள்ள புதிய கல் கண்ணில் பட்டால், இடம் மாற்றுவதற்கு முன் தொல்லியல் துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.