நெல்மணியின் உட்பொருள்களும் அரவை ஆலையும்

நெல்லை அளக்கும்போது மரக்கால், மூட்டை, விலை ஆகிய மூன்றையுமே குடியானவர்கள் கருதுவது வழக்கம். அம்மணியினுள் இருப்பது யாது, ஆலைக்குச் சென்று அரிசியாகத் திரும்பும்போது அதில் எது குறைந்துவிடுகிறது என்பவற்றையும் சங்க அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம். அரவைக்கூலியும் கொடுத்து, நெல்லின் சிறந்த பாகத்தையும் ஆலையிலேயே விட்டுவரும் குடும்பங்கள் அநேகம்.

புல்லாயினும், மாடாயினும், மனிதனாயினும், உயிருள்ள உடலிலிருந்து நீரை நீக்கிவிட்டால் எஞ்சுவதில் பெரும்பாகம் நான்கு இனப் பொருள்களே. மாவும் சர்க்கரையும் ஓரினம், புரதம் ஓரினம், கொழுப்பு ஓரினம், நியூக்ளிக் அமிலம் நான்காவது. எல்லா உயிர்களும் இப்பொருள்களாலேயே அமைந்திருப்பதால்தான் ஒன்றன் உடல் மற்றொன்றுக்கு ஆகாரமாகிறது. நெல்மணியிலும் இந்நான்கும் உண்டு. ஆனால் அவை மணி முழுவதும் ஒரே சீராகப் பரவியிருக்கவில்லை.

மணியின் நடுவிலுள்ள வெண்பகுதி பெரும்பாலும் மாவுச்சத்து. குளுகோஸ் என்னும் சர்க்கரையின் நுண்ணிய கூறுகள் ஆயிரக்கணக்கில் சங்கிலிபோல் கோத்திருப்பதே மாவு. வெறுஞ்சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்புத் தட்டுவது உமிழ்நீர் அச்சங்கிலியை அறுப்பதனாலேயாம். வெள்ளரிசி 100 பங்கில் ஏறக்குறைய 80 பங்கு மாவும், 7 பங்கு புரதமும் உண்டு. புரதமும் ஒரு சங்கிலியே. இருபது வகை அமினோ அமிலங்கள் அதன் கண்ணிகள். அரிசிப் புரதத்தில் லைஸின் என்னும் கண்ணி குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைந்துள்ள மெதியோனின் அரிசியில் போதிய அளவு உண்டு. பொங்கலிலும் இட்டிலியிலும் இவ்விரண்டும் சேர்வதால், ஒன்றன் குறையை மற்றது நிரப்புகிறது.

கொழுப்பின் பெரும்பகுதி தவிட்டிலும் முளையிலும் தங்கியிருக்கிறது. முளையிலுள்ள நியூக்ளிக் அமிலம் தாய்நெல்லின் குணங்களை நாற்றுக்கு ஒப்புவிப்பது. சம்பா விதைத்தவன் சம்பாவையே அறுப்பது இதனாலேயாம். இவற்றோடு, மிகச் சிறிய அளவிலேயே தேவைப்படும் ஜீவசத்துக்களுள் ஒன்றாகிய தையமினும் தவிட்டிலும் முளையிலும் செறிந்துள்ளது. அரிசி வெண்மையாகும்வரை யந்திரத்தில் தீட்டும்போது உதிர்ந்து போவன இப்பகுதிகளே. உமிமட்டும் நீங்கிய அரிசியிலுள்ள தையமினில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே நன்கு தீட்டிய பச்சரிசியில் எஞ்சும். தவிடு தொழுவத்திற்குப் போகிறது. அந்த மட்டில் வீட்டு எஜமானைவிட அவர் மாட்டிற்கே போஷணை அதிகம் என்னலாம்.

இக்குறையால் நேரும் தீங்கு அற்பமானதன்று. குளுகோஸிலிருந்து உடல் வலிமையைப் பெறுவதற்குத் தையமின் இன்றியமையாதது. அது இல்லையேல், அடுப்பு நிறைய விறகிருந்தும் தீப்பற்றாத நிலை உண்டாகிறது. நரம்புகளும் இருதயமும் முதலில் தளர்கின்றன. கால்கள் மரத்து வீங்குகின்றன. இதுவே பெரிபெரி நோய். உடலில் தையமினின் சேமிப்பு சில வாரங்களுக்கே போதும். உண்ணும் சோறு மிகுந்தால் அதன் தேவையும் மிகும்.

இந்நோயின் காரணம் ஜாவாத் தீவில் கோழிகளால் வெளிப்பட்டது. டச்சுக்காரர் ஆண்ட பட்டேவியா நகரில், 1890-ஐ ஒட்டிய காலத்தில், எய்க்மன் என்னும் வைத்தியர் வளர்த்த கோழிகள் திடீரென்று கால் தளர்ந்து விழுந்தன. இராணுவ வைத்தியசாலையில் மிஞ்சிய வெள்ளைச் சோறே அவற்றின் தீனி. புதிதாக வந்த சமையற்காரர் பட்டாளத்துச் சோற்றைக் கோழிகளுக்குக் கொடுக்க மறுத்துவிட்டார், தீட்டாத அரிசி தீனியாயிற்று, கோழிகள் பிழைத்தன. சமையற்காரரின் சிக்கனம் வைத்திய சாஸ்திரத்திற்கு உதவியது விநோதமே. பின்னர் வோர்டர்மன் என்பவர் ஜாவாவின் நூற்றுக்கு மேற்பட்ட சிறைகளை விசாரித்து 1897-இல் முடிவுகளை வெளியிட்டார். வெள்ளரிசி உண்ட கைதிகளில் 39 பேருக்கு ஒருவர் பெரிபெரியால் பீடிக்கப்பட்டிருந்தனர்; தீட்டாத அரிசி உண்டவர்களில் சுமார் 10,000 பேருக்கு ஒருவரே. 1926-இல் பட்டேவியாவிலேயே ஜான்ஸனும் டொனாத்தும் தவிட்டிலிருந்து தையமினைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தனர். 1936-இல் அதைச் செயற்கையாக உண்டாக்கிய ராபர்ட் வில்லியம்ஸ், 1886-இல் சென்னை மாகாணத்து நெல்லூரில் பிறந்தவர்.

அம்மாகாணத்திலேயே ஒரு வேற்றுமை காணப்பட்டது. ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட வடகரைத் தெலுங்கு ஜில்லாக்களில் பெரிபெரி பரவியிருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் ஜில்லாக்களில் அது அரிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தையமின் நீரில் கரைந்து மணியின் உள்ளே சேர்கிறது. மாவும் இளகிப் பின் இறுகி அதைப் பற்றிக்கொள்கிறது. பிறகு தீட்டினாலும் அதில் பெரும்பகுதி தங்கிவிடும். இறுகிய மணி அரவையில் எளிதில் உடைவதில்லையாகையால், நொய் குறைந்து முழு அரிசி அதிகம் கிடைக்கிறது. குளிர்ந்த நீரில் இரண்டு மூன்று நாள் ஊறும் நெல்லில் எழும் துர்நாற்றத்தைச் சிலர் வெறுப்பர், அவ்வெறுப்பு நியாயமானதே. 70 டிகிரி சென்டிகிரேட் சூடுள்ள நீரில் சுமார் நான்கு மணி நேரம் ஊறினாலே போதும், நாற்றமும் இராது.

தையமின் நீரில் கரைவது. ஆகவே அரிசியைப் பலமுறை தேய்த்துக் கழுவினாலும், கஞ்சியை வடித்துக் கொட்டினாலும் அதன் கணிசமான பகுதி நீரோடு போய்விடும். பச்சரிசிக்கு இந்நஷ்டம் அதிகம். ஒரிரு முறை அலசி, அளவான நீரில் பொங்கி இறக்குதல் நன்று. வடித்தே தீரவேண்டுமெனில் கஞ்சியைக் குடிப்பது உத்தமம்.

அங்கத்தினர் நெல்லைச் சங்கத்தின் மூலமாக மொத்தமாக அரைக்கும் ஊர்களில், எவ்வளவு தீட்டவேண்டும் என்பதை ஆலைக்காரரிடம் முன்னதாகவே பேசி முடிவு செய்துகொள்ளலாம். குறைவாகத் தீட்டிய அரிசியில் தவிட்டின் எண்ணெய் எஞ்சியிருப்பதால், அது நாட்படச் சிக்குவாடை வீசும்; பூச்சியும் விரைவில் பிடிக்கும். எனவே ஒரு மாதச் செலவுக்கு வேண்டியதை மட்டும் அவ்வப்போது அரைத்துக்கொண்டு, மீதியை நெல்லாகவே குதிரில் வைத்திருக்கவேண்டும்.