வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா? – கிரிக்கெட் அணிகளின் ஓய்வுக்காலக் கணக்கு

ஐ.பி.எல். கிரிக்கெட் ஆட்டங்களை நாம் தொலைக்காட்சியில் பார்ப்பது ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு மாதங்கள்தான். அடுத்த ஆண்டு யார் ஆடுவது, யாரை அனுப்பிவிடுவது, யாரை வாங்குவது என்ற முடிவுகளோ மற்ற மாதங்களில் எடுக்கப்படுகின்றன. 2025 நவம்பரில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸ் அணிக்குக் கொடுத்து, சஞ்சு சாம்சனைப் பெற்றுக்கொண்டது அப்படி ஒரு முடிவு. மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சிப் பகுதியில் வாழும் நம் குடும்பங்களுக்கு இதில் இரட்டை அக்கறை உண்டு. நம் பிள்ளைகளுக்கு மஞ்சள் சட்டை அணி சொந்த ஊர் அணி. பக்கத்து வீட்டு மலையாள நண்பர்களுக்கோ சஞ்சு தங்கள் வீட்டுப் பிள்ளை. ஆகவே ஒரு பக்கம் மகிழ்ச்சி, மறு பக்கம், "இத்தனை ஆண்டு உழைத்தவரை இப்படி அனுப்பலாமா?" என்ற மனத்தாங்கல். இத்தகைய முடிவுகளுக்குப் பின்னால் உள்ள கணக்கை எளிமையாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று வேலிகள்

ஒவ்வோர் அணியையும் மூன்று விதிகள் வேலி போலச் சுற்றி நிற்கின்றன. முதலாவது பணம். 2026-ஆம் ஆண்டுப் பருவத்துக்கு ஓர் அணி தன் ஆட்டக்காரர்கள் அனைவருக்குமாக ஒதுக்கக்கூடிய தொகை 125 கோடி ரூபாய். உரிமையாளர் எவ்வளவு பெரிய செல்வந்தராக இருந்தாலும் ஒப்பந்தங்களுக்கு இதற்கு மேல் ஒரு ரூபாய் கூடச் செலவிட முடியாது. இரண்டாவது, இடம். அணியில் குறைந்தது 18 பேரும் அதிகபட்சம் 25 பேரும் இருக்கலாம். மூன்றாவது, வெளிநாட்டவர் எண்ணிக்கை. அணியில் 8 பேருக்கு மேல் கூடாது. ஆட்டத்தில் இறங்கும் பதினொருவரில் 4 பேருக்கு மேல் கூடாது.

ஆகவே ஒருவர் நல்ல ஆட்டக்காரரா என்பதோடு கேள்வி முடிவதில்லை. அவருக்குக் கொடுக்கும் தொகையும் அவர் அடைத்துக்கொள்ளும் இடமும் வேறு எதற்குப் பயன்படக்கூடும் என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. குடும்ப வரவுசெலவு பார்க்கும் தாய்மார்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வாடகைக்கு அதிகம் போனால் பள்ளிக் கட்டணத்தில் கை வைக்க வேண்டிவரும் என்பது அவர்கள் நாள்தோறும் போடும் கணக்குத்தானே!

நம் ஊரிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கேரள கிரிக்கெட் லீக்கில் ஆடும் கொச்சி புளூ டைகர்ஸ் அணி, 2025 ஜூலையில் நடந்த ஏலத்தில் சஞ்சுவை 26.80 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. அந்த ஏலத்தில் ஓர் அணிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்தத் தொகையே 50 லட்சம்தான். பாதிக்கு மேல் ஒருவருக்கே போயிற்று. மற்ற அனைவரையும் மீதித் தொகைக்குள் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. பின்பு ஆசியக் கோப்பைக்காக சஞ்சு நடுவிலேயே புறப்பட்டுச் சென்றார். ஆயினும் அந்த ஆண்டுக் கோப்பையைக் கொச்சி அணியே வென்றது. மலிவாகக் கிடைத்தவர்கள் கைகொடுத்தார்கள். பெரிய விலை கொடுப்பவனுக்குச் சிறிய விலையில் தேர்ந்தெடுக்கும் கண்ணும் வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

நான்கு வழிகள்

ஓய்வுக்காலத்தில் ஓர் அணியின் முன் நான்கு வழிகள் உள்ளன. ஒன்று, இருப்பவரைப் பழைய ஒப்பந்தத் தொகையிலேயே வைத்துக்கொள்வது. இரண்டு, விடுவிப்பது, அப்போது அவருடைய தொகை முழுவதும் அணியின் பைக்குத் திரும்பிவிடும். மூன்று, வேறோர் அணியுடன் பேசி மாற்றிக்கொள்வது. இதற்கு ஆட்டக்காரரின் சம்மதம் அவசியம். நான்கு, ஏலத்தில் வாங்குவது. இதில் முதல் மூன்றும் நம் கையில் உள்ளவற்றைப் பற்றியவை. நான்காவது பிறர் கையையும் பொறுத்தது. அதில்தான் ஆபத்தும் அதிகம்.

ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர்களுக்கு இது பழகிய விஷயம். பெரம்பூரில் கட்டிய பழைய வகைப் பெட்டிக்கு ஆயுள் 25 ஆண்டு என்று ஏட்டில் இருக்கும். ஆனால் பெட்டி பணிமனைக்கு வரும்போது ஏட்டை மட்டும் பார்த்து முடிவு செய்ய மாட்டோம். அடித்தளத்தைச் சுத்தியால் தட்டிப் பார்ப்போம். துரு எவ்வளவு, பழுது பார்க்கும் செலவு எவ்வளவு, அதே செலவில் வேறு என்ன செய்யலாம் என்று யோசிப்போம். நேற்றுவரை அந்தப் பெட்டி எத்தனை லட்சம் பயணிகளைச் சுமந்தது என்பது மதிப்புக்குரிய செய்தி. ஆனால் நாளைய வண்டியில் அதை இணைப்பதற்கு அது காரணமாகாது.

சென்னையின் நிலை

2025-இல் சென்னை அணி 14 ஆட்டங்களில் நான்கில் மட்டுமே வென்று, தன் வரலாற்றிலேயே முதன்முறையாகக் கடைசி இடத்தைப் பிடித்தது. தொடக்க மட்டைவீச்சில் வேகம் இல்லை. தலைவர் ருதுராஜ் கெய்க்வாட் முழங்கைக் காயத்தால் பருவத்தின் நடுவிலேயே விலகினார். விக்கெட் காப்பாளர் தோனிக்கு 2025 ஜூலையில் 44 வயது நிறைந்தது. அவருக்குப் பின் யார் என்ற கேள்வியை இனித் தள்ளிப்போட முடியாத நிலை.

சஞ்சு விக்கெட் காப்பாளர், மேல்வரிசை மட்டையாளர், தலைமைப் பொறுப்பில் அனுபவம் உள்ளவர். ராஜஸ்தான் அணி 2022-இல் இறுதி ஆட்டம் வரை சென்றது அவர் தலைமையில்தான். மாற்றம் அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 31. ஜடேஜாவுக்கு 37 நெருங்கிக்கொண்டிருந்தது. சென்னை அணிக்கு வெற்றிடம் எங்கே இருந்ததோ, அங்கே பொருந்தக்கூடியவர் சஞ்சு.

அணி கொடுத்த விலையும் சிறியதல்ல. 2023 இறுதி ஆட்டத்தில் கடைசி இரண்டு பந்துகளில் 10 ரன் தேவைப்பட்டபோது, ஒரு சிக்சரும் ஒரு பவுண்டரியும் அடித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர் ஜடேஜா. அதே 2025 ஆகஸ்டில் அஸ்வினும் ஐ.பி.எல். ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். ஆக, இரண்டு பெரிய சுழற்பந்து வீச்சாளர்கள் ஒரே ஓய்வுக்காலத்தில் போனார்கள். ஓர் ஓட்டையை அடைக்க எடுத்த பலகையால் இன்னோர் இடத்தில் ஓட்டை விழுந்தது.

நான்கு கோடி எங்கே போயிற்று?

இப்போது பணக் கணக்கைப் பார்ப்போம். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டிய பகுதி இது.

சஞ்சுவின் ஒப்பந்தத் தொகை 18 கோடி. ஜடேஜாவுக்கும் 18 கோடி. சாம் கரனுக்கு 2.40 கோடி. சென்னை 20.40 கோடிச் சுமையை இறக்கி, 18 கோடிச் சுமையை ஏற்றிக்கொண்டது; ஆகவே அதற்கு மிச்சம் 2.40 கோடி. மறுபக்கம், ராஜஸ்தானுக்கு அந்த அளவு கூடுதல் செலவு ஆகியிருக்க வேண்டும் அல்லவா? ஆகவில்லை. ஜடேஜாவின் தொகை 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைக்கப்பட்டது. எனவே ராஜஸ்தான் ஏற்றுக்கொண்டது 16.40 கோடி மட்டுமே. அதற்கும் 1.60 கோடி மிச்சம். 2.40-ஐயும் 1.60-ஐயும் கூட்டினால் சரியாக 4 கோடி. இரண்டு அணிகளும் சேர்ந்து மிச்சப்படுத்திய தொகை ஜடேஜாவின் ஒப்பந்தத்தில் குறைந்த தொகைதான்! 2008-இல் தாம் முதன்முதலாக ஆடிய அணிக்கே அவர் திரும்பிச் சென்றார் என்பதும், சம்மதித்தே சென்றார் என்பதும் உண்மை. ஆனால் இந்த மாற்றத்தில் கைப்பொருளை விட்டுக்கொடுத்தவர் அவர் ஒருவரே என்பதை அவரைக் குறை சொல்பவர்கள் கவனிக்க வேண்டும்.

இன்னொரு முடிச்சும் இருந்தது. ராஜஸ்தான் அணியில் வெளிநாட்டவருக்கான எட்டு இடங்களும் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. இங்கிலாந்துக்காரரான கரன் உள்ளே வர வேண்டுமானால் ஒருவராவது வெளியேற வேண்டும். இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர்கள் ஹசரங்கவும் தீக்ஷனவும் அந்த ஓய்வுக்காலத்தில் விடுவிக்கப்பட்டார்கள். ஒரு பேச்சுவார்த்தையின் அலை அதில் பங்கே இல்லாதவர் வீட்டு வாசல் வரை போகிறது.

ஏல நாளும் விலை நிலவரமும்

ஏலம் என்பது கொச்சிக்காரர்களுக்குப் புதிதல்ல. வெலிங்டன் தீவில் 1947 முதல் தேயிலை ஏலம் நடந்துவந்திருக்கிறது. ஒரே தோட்டத்துத் தேயிலை இந்த வாரம் ஒரு விலைக்கும் அடுத்த வாரம் வேறொரு விலைக்கும் போகும். வரத்து எவ்வளவு, வாங்க வந்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் கையில் பணம் எவ்வளவு என்பவையே விலையைத் தீர்மானிக்கும். ஆட்டக்காரர் ஏலமும் அப்படித்தான்.

2025 டிசம்பர் 16 அன்று அபுதாபியில் நடந்த ஏலத்துக்குச் சென்னை 43.40 கோடி ரூபாயுடனும் 9 காலி இடங்களுடனும் சென்றது. அதுவரை இந்தியாவுக்காக ஆடாத இரண்டு இளைஞர்களை, பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா ஆகியோரை, ஆளுக்கு 14.20 கோடிக்கு எடுத்தது. இருவருடைய தொடக்க விலையும் 30 லட்சம். வீர் இடக்கைச் சுழற்பந்து வீசும் பல்துறை ஆட்டக்காரர். ஜடேஜாவின் இடத்தை மனத்தில் வைத்து எடுக்கப்பட்டவர் என்பது வெளிப்படை. சர்மா விக்கெட் காப்பாளர், மட்டையாளர். இவ்விருவருக்குமே 28.40 கோடி போய்விட்டதால், மற்ற ஏழு பேரையும் சேர்த்து 12.60 கோடிக்குள் முடித்தார்கள். அவர்களில் ராகுல் சாஹர் 5.20 கோடி, அகீல் ஹொசைன் 2 கோடி. இருவரும் சுழற்பந்து வீச்சாளர்கள்.

அனுபவமே இல்லாத பையன்களுக்கு இவ்வளவா என்று பலர் வியந்தார்கள். காரணம் வரத்துக் குறைவு. சிறிய ஏலத்தில் நல்ல இந்திய ஆட்டக்காரர்கள் மிகச் சிலரே வருவார்கள். பெரும்பாலோரை அணிகள் விடுவதில்லை. வெளிநாட்டவரையோ எட்டுப் பேருக்கு மேல் சேர்க்க முடியாது. ஆகவே ஆட்டத்தில் இறக்கத்தக்க ஓர் இந்திய இளைஞரின் விலை, தகுதியைக் காட்டிலும் பற்றாக்குறையால் உயர்கிறது.

விடுவிப்பதில் உள்ள ஆபத்துக்கு மதீஷ பதிரன நல்ல எடுத்துக்காட்டு. சென்னை அவரை 13 கோடிக்கு வைத்திருந்து விடுவித்தது. அதே ஏலத்தில் கொல்கத்தா அணி அவரை 18 கோடிக்கு எடுத்தது. அந்த அணியிடம் 64.30 கோடி இருந்தது; செலவழிக்கத் தயாராக வந்தவரின் முன்னால் பழைய விலைக்குப் பொருள் ஏது?

மற்ற இடங்களில்

அமெரிக்காவில் பிள்ளைகள் உள்ள அன்பர்கள் அங்குள்ள பேஸ்பால் அணிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம். அங்கே நம் 125 கோடியைப் போல உறுதியான உச்சவரம்பு கிடையாது. குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான். 2023 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி ஜப்பானியரான ஒஹ்தானியுடன் 10 ஆண்டுகளுக்கு 70 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தது. அதில் 68 கோடி டாலரை 2034 முதல் 2043 வரையிலான ஆண்டுகளில் கொடுக்க ஏற்பாடு. விதி வேறானால் கணக்கும் வேறாகிறது. அங்கே நாளைய பணத்தை இன்று செலவழிக்கலாம். இங்கே அதற்கு இடமில்லை.

நம் ஊர் அணியின் கதையையும் மறக்கலாகாது. 2011-இல் கொச்சி டஸ்கர்ஸ் கேரளா என்ற ஐ.பி.எல். அணி கலூர் மைதானத்தில் ஆடியது. மகேல ஜயவர்த்தன தலைவர். சென்னையில் ஆடிக்கொண்டிருந்த முத்தையா முரளிதரனும் அந்த ஆண்டு இங்கே வந்தார். 9.5 லட்சம் டாலருக்கு வாங்கப்பட்ட ஓர் இளைஞரும் அதில் இருந்தார், அவர்தான் ஜடேஜா. வங்கி உத்தரவாதம் செலுத்தாததால் 2011 செப்டம்பரில் அந்த அணியையே கிரிக்கெட் வாரியம் நீக்கிவிட்டது. 2012 ஏலத்தில் சென்னை அவரை 20 லட்சம் டாலருக்கு எடுத்தது. கொச்சி அணி கலைந்ததால்தான் ஜடேஜா சென்னைக்குக் கிடைத்தார். அவரை இங்கிருந்து வழியனுப்ப நம்மில் எவரிடமும் யாரும் கருத்துக் கேட்கவில்லை, 2025-இலும் கேட்கவில்லை.

எப்படி எடைபோடுவது?

ஒரு மாற்றம் சரியா தவறா என்று பேசும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். அந்த இடத்தை நிரப்ப வேறு ஆள் கையில் உண்டா? மிச்சமாகும் பணம் எங்கே போகிறது? வருகிறவர் எத்தனை ஆண்டு பயன்படுவார்? சஞ்சு விஷயத்தில் மூன்றாவது கேள்விக்குச் சென்னையிடம் நல்ல விடை இருந்தது. முதல் கேள்விக்கு இருந்த விடை அரைகுறையானது, அதனால்தான் 14.20 கோடி கொடுத்து ஓர் இளைஞரைத் தேட நேர்ந்தது. ஒரு பருவத்தின் வெற்றி தோல்வியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதும் சரியாகாது. காயமும் மழையும் டாஸும் முடிவெடுத்தவர்கள் கையில் இல்லை.

நன்றியுணர்வுக்கு இதில் இடமே இல்லையா என்றால், உண்டு. ஆனால் அதற்கும் விலை பார்க்கிறார்கள். ஐந்து ஆண்டுகளாகச் சர்வதேச ஆட்டம் ஆடாதவர் என்ற விதியைப் பயன்படுத்தி, சென்னை தோனியை 4 கோடிக்கு வைத்துக்கொண்டது. 4 கோடிக்கு நன்றி காட்டுவது எளிது. 18 கோடிக்குக் காட்டுவது கடினம். அந்தக் குறையை ரசிகர்களாகிய நாம் நிறைவு செய்யலாம். ஜடேஜா வேறு நிறச் சட்டையில் ஆடும்போதும் அவருக்குக் கைதட்டுவதற்கு எந்த உச்சவரம்பும் கிடையாது. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு, போன இடத்தில் ஒருவர் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்துவது இயல்பாகவே வரும்.

அடுத்த ஓய்வுக்காலத்தில் அணிகள் பட்டியலை வெளியிடும் நாளன்று, பிள்ளைகள் கையில் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்துப் பாருங்கள். அந்த ஆண்டின் மொத்தத் தொகை, 25 இடங்கள், 8 வெளிநாட்டவர் என்று மேலே எழுதிவிட்டு, யாரை வைப்பது, யாரை விடுவது என்று அவர்களே முடிவு செய்யட்டும். தங்களுக்குப் பிடித்த ஒருவர் பெயரை அடிக்க நேரும்போது அவர்கள் தயங்குவார்கள். காரணம் கேளுங்கள். கூட்டல் கழித்தலோடு வேறு சிலவற்றையும் அன்று மாலை அவர்களுடன் பேசலாம்.