பேச்சும் செய்கையும்

ஒருவருக்குத் தம் காரியங்களை நடத்தும் புத்தி ஸ்வாதீனம் உண்டா என்பதை அறைக்குள் பத்துக் கேள்வி கேட்டு நிச்சயித்துவிடலாம் என்று வைத்தியரும் வக்கீலும் எண்ணுகிறார்கள். நாம் அவ்வாறு எண்ணவில்லை.

தலைக்காயத்தால் முன்மூளை பழுதடைந்த மூவரை ஷாலிஸ், பர்கஸ் என்ற ஆங்கில நிபுணர்கள் ஆராய்ந்து 1991-ல் முடிவுகளை வெளியிட்டனர். வழக்கமான புத்திப் பரீட்சைகளில் அம்மூவரும் நன்றாகவே தேறினர். பிறகு கடைத்தெருவுக்கு அனுப்பப்பட்டனர். ரொட்டி முதலிய சில்லறைச் சாமான்கள் வாங்க வேண்டும். 15 நிமிஷத்தில் குறித்த இடத்தில் நிற்க வேண்டும். சில தகவல்களை விசாரித்துக் கார்டில் எழுத வேண்டும். எதுவும் வாங்காமல் கடைக்குள் நுழையலாகாது. இவ்வளவே. விதிகளை மீறினர், வேலைகளைத் தவறவிட்டனர். காரணம் லேசானது. அறைக்குள், தொடங்கு, நிறுத்து என்று பரீட்சகரே சொல்லிவிடுகிறார். தெருவில் அதைச் சொல்ல ஆளில்லை.

இங்கிலாந்தின் 2005-ம் வருஷத்து மனத்திறன் சட்டம், விஷயத்தைப் புரிந்துகொள்வதோடு, சீர்தூக்கிப் பயன்படுத்தும் சக்தியையும் கேட்கிறது. சாதுரியமாகப் பேசும் முதியவர் ஒருவர் சொத்தைக் கண்டவனுக்கு எழுதிக் கொடுக்கும்போது குறைந்திருப்பது அச்சக்தியாகவே இருக்கலாம். பேட்டியோடு நில்லாமல் அன்றாட நடத்தையையும் கவனிக்க வேண்டியிருக்கலாம் என்று அந்நாட்டு ‘நைஸ்’ நிறுவனம் 2018-ல் கூறியது தக்க யோசனையே. ஆயினும், கடைத்தெருவில் தடுமாறினார் என்ற ஒன்றையே கொண்டு ஒருவருடைய உரிமையைப் பறிக்க நாம் சம்மதியோம். திறன் உண்டென்றே அச்சட்டம் ஆரம்பிக்கிறது. இல்லையென்று ருசுப்பிக்கும் பாரம் மறுப்பவர்மீதே சுமத்தப்பட்டிருக்கிறது.