பழைய ஹீட்டரை மாற்றப் போகிறீர்களா?

குளியலறையில் சுடுநீர் ஹீட்டர் பழுதானால், கடையில் புதிதாக ஒன்றை வாங்கிப் பழைய கம்பியிலேயே மாட்டிவிடுவோர் உண்டு. சற்றுப் பொறுங்கள்; முதலில் ஒரு சிறு கணக்கு.

குழாய் நீரை உடனே சூடாக்கும் ஹீட்டர் பெரும்பாலும் 3,600 வாட். அதை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 16 ஆம்பியர். சுவர்ப் பிளக்கோ 13 ஆம்பியர்தான் தாங்கும். ஆகவே மின்பெட்டியிலிருந்து தனிக் கம்பியும் எர்த் கம்பியும் அவசியம். 10 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியையும் பொருத்தச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். மின்சாரம் நிற்கவில்லையென்றால் ஹீட்டரைத் தொடாதீர்கள்.

உரிமம் பெற்ற வயர்மேனுக்குக் கொடுக்கும் வெள்ளி சற்றுக் கூடுதலாகத் தோன்றலாம். நனைந்த உடம்போடு நிற்கும் நம் பிள்ளையின் உயிரைவிட அது பெரிதா, சொல்லுங்கள்?